தலைகீழாகத் திறந்த பேனை

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு மூச்சுப் போதும். அந்த ஒரு மூச்சை மிச்சம் பிடிக்கப் போய், என் தங்கையின் கலியாணத்தையே நான் ஏறக்குறைய மையில் கரைத்துவிட்டேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடம் எனக்குப் பிடிக்காமல் போயிற்று (பள்ளிக்கூடத்துக்கு என்னை அதற்கு முன்பே பிடிக்காமல் போயிருந்தது). மீசை அரும்புமுன் காங்கேசன்துறையில் கோச்சி (அதாவது ரயில்) ஏறினேன். அநுராதபுரத்தில் சாப்பாட்டுக் கடை, மலைநாட்டில் லொறிக் கிளீனர், கடைசியில் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமக்கும் வேலை. சாப்பிட்ட நாளும் உண்டு, சாப்பிடாத நாளும் உண்டு. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் ஓடியதன் பலனை அனுபவித்தவள் தங்கை சிவபாக்கியம். அவளுக்கு வந்த முதற் சம்பந்தம், "தமையன் ஓடிப்போன வீடு" என்ற ஒரே காரணத்தால் முறிந்தது. இரண்டாவது சம்பந்தம் கூடி வந்தபோது அம்மா துணிந்து ஒரு பொய் சொன்னார்: மகன் கொழும்பில் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறான், எழுத்துக்குக் கட்டாயம் வருவான். (தாலி கட்டுவதற்கு முன் பதிவுகாரரை வீட்டுக்கு அழைத்து விவாகத்தைப் பதிவதை எங்கள் பக்கத்தில் 'எழுத்து' என்போம்.) ஐயா இறந்துவிட்டதால் பெண் பக்கத்துச் சாட்சியாக நான்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

கடிதம் கிடைத்து ஊருக்கு வந்து இறங்கியதும் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"என்னடா இது, நகமெல்லாம் கரி?"

"கந்தோரிலை மை பட்டதெண்டு சொல்லுவம், அம்மா."

"நீ வாயைத் திறக்காமல் இருந்தாலே காணும். தேசிக்காயாலை தேய்."

தேய்த்தேன். எலுமிச்சைச் சாறு பட்டுத் தோல் எரிந்தது, கரி போகவில்லை. எழுத்தன்று காலை முழுவதும் கைகளைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தேன். மாப்பிள்ளையின் தாயார் பாயில் இருந்ததும் முதலில் பல்லி இருக்கிறதா என்று முகட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டையும் ஒரே மாதிரித்தான் பார்த்தார்.

"கொழும்பிலை என்ன உத்தியோகம், தம்பி?"

"துறைமுகத்திலை மாமி. கப்பலுக்கு ஏத்துற பகுதி." (இது பொய் இல்லை.)

மாப்பிள்ளை நடராசா பட்டினத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். பதிவுகாரர் பெரிய புத்தகத்தை விரித்து, தம்முடைய கட்டைப் பேனையையும் மைக்கூட்டையும் எடுத்து வைத்தபோது, மாப்பிள்ளை "பொறுங்கோ ஐயா" என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். குழந்தையைத் துணி நீக்கிக் காட்டுவதுபோல் மெதுவாக விரித்தார். உள்ளே ஓர் ஊற்றுப்பேனை. கறுப்பு உடம்பு, அதில் நீர் அலைபோல் செதுக்கிய கோடுகள், மூடியின் அடியில் ஒரு மெல்லிய தங்க வளையம். அறை முழுவதும் ஒருமுறை மூச்சு வாங்கியது.

மாப்பிள்ளை அதைத் திறந்து காட்டினார். அந்த வித்தையைப் பார்க்க எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள், என்னைத் தவிர. கந்தோரில் இருப்பவன் ஒரு பேனையைப் பார்த்து வாயைப் பிளப்பானா? இதெல்லாம் நாளும் பொழுதும் காண்பதுதான் என்று காட்ட, நான் யன்னலுக்கு வெளியே நின்ற மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (அந்த மாடு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.)

மாப்பிள்ளை கையெழுத்து வைத்தார். அடுத்துத் தங்கை. அவள் எழுதும்போது மட்டும் என்னையறியாமல் திரும்பினேன். கட்டைப் பேனை என்றால் கடதாசியைக் கோழி கிளறுவதுபோல் சத்தம் வரும், இரண்டு எழுத்துக்கு ஒருமுறை மையில் தோய்க்க வேண்டும். இது சத்தமே போடவில்லை. இறங்கும் கோடு தடித்து, ஏறும் கோடு மெலிந்து, அவளுடைய பெயர் நிற்காமல் ஒரே ஓட்டமாக வந்து முடிந்தது. எனக்கும் அதைப் பிடிக்க ஆசை வந்தது. பயமும் வந்தது.

மாப்பிள்ளை பேனையை வாங்கித் துடைத்து, மூடி, மறுபடியும் துடைத்தார். சரியான பெருமைக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

"இனிச் சாட்சி" என்றார் பதிவுகாரர்.

மாப்பிள்ளை பேனையை என்னிடம் நீட்டினார், ஆனால் கையை விடவில்லை. "அண்ணை, இதைத் திறக்கேக்கை…"

"தெரியும் தம்பி."

"இல்லை அண்ணை, இது மற்றப் பேனையள் மாதிரி…"

"எங்கடை கந்தோரிலை எல்லாரிட்டையும் உதுதான்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வகைப் பேனையின் அமைப்பை இப்போது நான் தூக்கத்திலும் சொல்வேன். அதன் நிப் வெளியே இருப்பதில்லை, உடம்புக்குள் மைக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். பேனையை நிமிர்த்திப் பிடித்து மூடியைக் கழற்றி, வாலைத் திருகினால் நிப் மேலே ஏறிவந்து வாயை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் சரிக்கலாம். அதற்கு முன் அது பேனையே அல்ல, வாய் திறந்த மைக்கூடு.

நான் அதை எழுதப் போகிறவன் பிடிப்பதுபோல் கடதாசிக்கு நேரே கவிழ்த்துப் பிடித்து, மூடியைக் கழற்றினேன்.

அவ்வளவு மை அந்தச் சின்ன உடம்புக்குள் எப்படி இருந்ததோ தெரியாது. புத்தகத்தில் கொட்டி, தங்கையின் பெயரை நோக்கி ஓடி, ஒரு பங்கு மாப்பிள்ளையின் பட்டு வேட்டியிலும் இறங்கியது. கறுப்பு மை. பதறிப்போய் வாலைத் திருகினேன். நிப் வெளியே வந்தது. இனியாவது மூடிவிடுவோம் என்று மூடியை அழுத்தினேன். 'கறுக்' என்றது. (நிப்பை உள்ளே இறக்காமல் மூடக்கூடாது. அதையும் அந்த மாட்டிடம்தான் படித்திருக்க வேண்டும்.)

மாப்பிள்ளையின் தாயார் எழுந்து மகனைக் கூப்பிட்டார்.

"நல்ல காரியத்திலை கறுப்பு! எழும்பு தம்பி. இன்னும் சாட்சி வைக்கேல்லை, ஒண்டும் குடி முழுகேல்லை. போவம்."

இரண்டாவது சம்பந்தமும் என்னாலேயே.

அப்போதுதான் சிவபாக்கியம் எழுந்தாள். சாமிப் படத்தடியில் இருந்த திருநீற்றுத் தட்டத்தை எடுத்து வந்து, புத்தகத்தின்மேல் அப்படியே கவிழ்த்தாள். மை ஓடுவதை நிறுத்திற்று. அவளுடைய பெயருக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

திருநீறு கண்டால் கை தானாகப் போகும் பழக்கம் மாப்பிள்ளையின் தாயாருக்கு. "முருகா!" என்று குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இழுத்துவிட்டார். மையில் ஊறிய திருநீறு. காதிலிருந்து காதுவரை கன்னங்கரேலென்று ஒரு கோடு. சொல்லத் துணிந்தவர் அந்த அறையில் ஒருவருமில்லை.

"திருநீறு விழுந்த இடத்திலை என்ன அபசகுனம், அம்மா? நீங்களே பூசிப்போட்டியள், இருங்கோ" என்றார் பதிவுகாரர், புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

தாயார் மகனைப் பார்த்தார். மகன் எழும்பவில்லை. வேட்டியையும் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பேனையைப் பார்த்தபடி என் காதருகே குனிந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மச்சான், உது என்ரை பேனை இல்லை. எங்கடை துரையின்ரை. மேசையிலை கிடந்தது, கேக்காமல் கொண்டந்திட்டன்."

அதுவரை அண்ணை என்றவர் பயத்தில் மச்சான் என்றுவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டதும் கலியாணம் தப்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"இருங்கோ அம்மா" என்றார் தாயிடம், "மைதானே, கழுவினால் போம்."

பதிவுகாரர் தம்முடைய கட்டைப் பேனையை எனக்குத் தந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, "கையெழுத்தோ, கைநாட்டோ? பெருவிரல் ஆயத்தமாய்த்தான் இருக்கு" என்றார். கையெழுத்துத்தான் வைத்தேன். பக்கத்தில் பெருவிரலும் தானாகப் பதிந்துவிட்டது. நான் படித்தவனா இல்லையா என்பதற்கு அந்தப் புத்தகத்தில் இரண்டு சாட்சியும் உண்டு.

பிறகு கிணற்றடியில் நானும் மாப்பிள்ளையும் கை கழுவினோம்.

"மச்சான், நானும் கந்தோரிலை இல்லை. கரி சுமக்கிறன்."

"உங்கடை நகத்தைக் கண்டவுடனை எனக்குத் தெரியும்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீர்?"

"நான் எந்த வாயாலை கதைக்கிறது? என்ரை பையிலை களவெடுத்த பேனை."

திங்கட்கிழமை அவர் பேனையைத் துரையின் மேசையில் வைத்துவிட்டு, வேலை போயிற்று என்று காத்திருந்தாராம். துரை திறந்து பார்த்தார். நசுங்கிய நிப்பைக் கண்டு தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார். முன்பும் இரண்டு முறை அப்படித்தான் மூடி உடைத்தவராம். இதுவும் தன் கைவேலைதான் என்று நம்பி, "இந்தச் சனியன் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டார்.

புது நிப் போட்ட அந்தப் பேனை இன்றும் தங்கை வீட்டில் இருக்கிறது. எழுதிப் பார்த்திருக்கிறேன். கையில் பாரம் தெரியாது, நினைப்பதற்கு முன் எழுத்து வந்துவிடும். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எழுத்து நடந்தாலும் அந்தப் பேனையால்தான் கையெழுத்து. சாட்சியாக நான் முன்னே போய் இருந்தால் மட்டும் ஒரு தாமதம். யாராவது ஓடிப்போய்த் திருநீற்றுத் தட்டத்தை நிறைத்துக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைப்பார்கள். சிவபாக்கியம் அதைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் பேனை என் கைக்கு வரும்.