பெரிய ள

“டாக்டர், முதுகு பூரா அரிப்பு” என்றார் முதல் நோயாளி. அடுத்தவருக்குக் கழுத்தில் படை. மூன்றாமவர் உட்காரும் முன்பே சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

எலும்பு டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாமவர் செல்போனை நீட்டினார். மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் டாக்டரின் படம். கீழே, ‘இருபது ஆண்டு அனுபவம். ஆராய்ச்சி ஆர்வம்: தோல்.’

அவர் எழுதிக் கொடுத்தது தோள். இதுவரை இரண்டாயிரம் தோள்பட்டைகளைச் சரிசெய்த கை அது. மாலை நான்கு மணிக்குத் துறைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடும் குழு, இந்தப் பக்கத்தைத்தான் பார்க்கப் போகிறது.

அவர் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி. அதனால் அலுவலக டைப்பிஸ்டுக்குப் போனில் வாசித்துச் சொன்னது அவள்தான். அவளையே கூப்பிட்டார்.

“அந்தப் பொண்ணு தோளைத் தோலாக்கி வெச்சிருக்கு. பெரிய ளன்னு அழுத்திச் சொல்லு.”

“சொல்றேங்க. ஏங்க, துணி காயப்போடக் கையத் தூக்கினா…”

“ஆபரேஷன் இருக்கு. வந்து பேசறேன்.”

ஆபரேஷன் முடித்து வந்து பார்த்தார். ‘ஆராய்ச்சி ஆர்வம்: பெரிய தோள்.’

வாசலில் கதவகலத்துக்கு ஒருவர் நின்றிருந்தார். “உடற்பயிற்சிக்கூடம் நடத்தறேன் டாக்டர். இது இன்னும் பெருசாகுமா?”

மணி இரண்டே கால். மறுபடியும் மனைவி.

“பெருசும் வேணாம், சின்னதும் வேணாம். தோள் வலின்னு போடச் சொல்லு. தோள், வலி. புரியுதா?”

“எனக்குப் புரியாமலா? மேல் தட்டுல இருக்கற டப்பாவ எடுக்கவே பக்கத்து வீட்டு அக்காவக் கூப்பிட வேண்டியிருக்கு. அதான்…”

“டப்பா கதையெல்லாம் அப்புறம்.”

மூன்றே முக்காலுக்கு நர்ஸ் அவரை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தாள். அவசரமாகப் பக்கத்தைத் திறந்தார்.

‘இருபது ஆண்டு அனுபவம். ஆராய்ச்சி ஆர்வம்: தோல்வி.’

அறையை விட்டுப் பாய்ந்தார். வெளி பெஞ்சில், காலையில்தான் வழக்கில் தோற்ற வக்கீல் ஒருவர் நம்பிக்கையோடு எழுந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் வாரப் பத்திரிகைக்குப் பின்னால் முகம் மறைத்து உட்கார்ந்திருந்த பெண்மணி மட்டும் அசையவில்லை. டாக்டர் யாரையும் பார்க்காமல் இரண்டு மாடி இறங்கி, மூச்சு வாங்க டைப்பிஸ்டின் மேஜைமுன் நின்றார்.

“ஏம்மா, உனக்கு ள தெரியுமா, தெரியாதா? இன்னும் கால் மணியில குழு உட்காருது. இருபது வருஷ உழைப்ப ஒரே எழுத்துல கவுத்துட்டியே.”

டைப்பிஸ்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள்.

“மொதல்லயே சரியாத்தான் சார் அடிச்சேன். மூணு தடவையும் உங்க வீட்டம்மாதான் மாத்தச் சொன்னாங்க. ஆறு மாசமா தோள் வலிக்குதுன்னு சொல்லியும் நீங்க திரும்பிப் பார்க்கலையாம். பார்த்துட்டா அடுத்த நிமிஷமே ளவப் போட்டுடலாம்னு சொல்லிட்டு, பதினேழாம் நம்பர் டோக்கன் வாங்கி, உங்க ரூம் வாசல்லதான் பத்திரிகை படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.”