நான் வைத்த தலைப்பு வேறு

ரூசே, செப்டம்பர் 19

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய நெத்யல்கா அக்காவுக்கு,

தம்பி மெத்தோடி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் ரத்தக் கொதிப்பும் சௌக்கியம். வர்னாவில் நீயும் அத்தானும் அத்தானின் முட்டிவலியும் எப்படி என்று தெரியப்படுத்தவும்.

நிற்க. நான் ஒரு பெண்மணியை எருமை என்று எழுதி நூலகத்துக்கே அனுப்பிவிட்டதாக உனக்கு யாரோ போனில் சொன்னார்கள் என்றும், அன்றிலிருந்து உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். அக்கா, அது முழுக்க முழுக்கக் கணினியின் குற்றம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீயே தீர்ப்புச் சொல்.

துறைமுக எடைமேடையிலிருந்து ஓய்வு பெற்று, என் வீட்டுக்காரி லில்யானாவும் போய்ச் சேர்ந்த பிறகு, இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் ரேடியோதான். போன வருஷம் இதே மாதம் நூலகத்தில் ஒரு வகுப்பு ஆரம்பித்தார்கள். கணினியில் கதை எழுதுவது, ஆனால் சும்மா வாசிக்கிற கதை இல்லை. வாசிக்கிறவர் ‘கதவைத் திற’ என்று தட்டினால் கதவு திறக்கும், ‘வடக்கே போ’ என்றால் அடுத்த அறை வரும், நாம் எழுதி வைக்காத எதையாவது கேட்டால் ‘அது முடியாது’ என்று சொல்லிவிடும். சொல்லிக்கொடுத்த யொவானாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது, ஆனால் என்னைப் பொறுத்துக்கொண்டாள். முதல் நாள் மென்பொருள் என்னிடம் கதைக்கு ஒரு பெயர் கேட்டது. கேட்ட நேரம் சரியில்லை அக்கா. அன்று காலைதான் பால்கனியில் குளிர்காலத்துக்கென்று பதினைந்து கிலோ குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன், மேல்வீட்டு பென்கா டீச்சர் ஜெரேனியச் செடிக்கு ஊற்றிய தண்ணீர் மொத்தமும் என் அடுப்பில் இறங்கி, மிளகாய் சூப்பாகி, அடுப்பும் வெடித்துவிட்டது. அந்தக் கடுப்பில் ‘மேல்மாடி எருமை’ என்று தட்டிவிட்டேன்.

அப்புறம் கோபம் ஆறிப்போச்சு, கதைதான் வளர்ந்துகிட்டே போச்சு. ஒரு வருஷம், நாற்பது அறை. தன்யூப் ஆற்றில் வெள்ளம் வருகிற நாள், ஒரு அடுக்குமாடிக் கட்டடம், கூரையிலிருந்தும் தண்ணீர் ஒழுகுகிறது, கீழ்வீட்டுக்காரன் ஒருத்தன் வாளியோடு அலைகிறான். ‘வெள்ளம் வந்த வீடு’ என்று அழகாகத் தலைப்பு வைத்தேன். திரையில் கொட்டை எழுத்தில் வந்தது. எருமை ஒழிந்தது என்று நான் நிம்மதியாக இருக்க, அது கணினிக்குள்ளே கோப்பின் பெயராக அப்படியே படுத்திருந்திருக்கிறது! தலைப்பு வாசகருக்கு, கோப்புப் பெயர் கணினிக்கு, ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது என்று யொவானா ஏற்கெனவே சொல்லியிருக்கிறாளாம். சொல்லியிருப்பாள். அன்று எனக்குக் காதில் பஞ்சு.

ஆகஸ்டில் போட்டி வைத்தார்கள், அனுப்பினேன். நடுவர்கள் யார் யார் என்றுகூட நான் பார்க்கவில்லை. நூலகத்தில் ஒரு புண்ணியவான், வந்த கதைகளைத் திறந்துகூடப் பார்க்காமல் கோப்புப் பெயர்களை வைத்தே பட்டியல் போட்டு வாசலில் ஒட்டிவிட்டான். ‘முதல் பனி’, ‘மேல்மாடி எருமை’, ‘அம்மாவின் பியானோ’. பக்கத்தில் என் பெயரும் முழு விலாசமும். எங்க கட்டடத்துல எனக்கு மேல யாரு இருக்காங்கன்னு ஊருக்கே தெரியும். ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கும். ஒருத்தன் எனக்கு எருமைத் தயிர் எடுத்துக் கொடுத்தான், நான் கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை மதியம் கதவு தட்டுகிற சத்தம். பென்கா டீச்சர். அவர்தான் தலைமை நடுவராம். உள்ளே வந்து உட்கார்ந்து, எருமை யார் என்று மட்டும் கேட்டார். நான் கோப்புக்கும் தலைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அரை மணி நேரம் விளக்கினேன், அதற்குள் காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

“முப்பத்தெட்டு வருஷம் நோட்டு திருத்தினவ நான்,” என்றார். “அட்டையில என்ன எழுதியிருக்குன்னு பார்த்துட்டுத்தான் உள்ளே போவேன்.”

நான் துணியெடுத்து அடுப்பைத் துடைத்தேன்.

“கதையை மூணு தடவை விளையாடினேன் மெத்தோடி. எழுத்துப் பிழை பதினெட்டு, அது போகட்டும். மேலேயிருந்து தண்ணி வந்துகிட்டே இருக்கு, உங்க ஆளு கீழ நின்னு திட்டிகிட்டே இருக்கான். ‘மேலே போ’ன்னு தட்டினேன், முடியாதுன்னுச்சு. ‘படியேறு’ன்னேன். அதுவும் முடியாதாம். ஏன், நம்ம கட்டடத்துல படிக்கட்டு இல்லையா?”

அக்கா, நாற்பது அறை எழுதினவன், நிலவறையில் எலிப்பொறிகூட வைத்தவன், ஒரு படிக்கட்டு எழுதவில்லை. அது எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. காபி குடிங்க டீச்சர் என்றேன். காபிதான் இல்லையே. அவர் எழுந்து தானே போட்டார்.

பரிசு ஒரு பல் டாக்டருக்குப் போனது. நான் இப்போது படிக்கட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினாறு படி. டீச்சர் சாயங்காலம் வந்து பிழை திருத்துகிறார், நேற்று பாலாடைக்கட்டி வைத்துப் பனித்சா சுட்டுக்கொண்டு வந்தார், உப்புக் கொஞ்சம் தூக்கல், நான் சொல்லவில்லை. படியேறிப் போனால் மேலே கதவைத் திறப்பவர் என்ன பேசுவார் என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. நான் எழுதினால் அவர் கோடு போட்டு அடிக்கிறார், ‘நான் இப்படியெல்லாம் பேச மாட்டேன்’ என்கிறார். மற்றபடி எங்களுக்குள் ஒன்றுமில்லை, இது எழுத்து வேலை. ஆகவே கணினியின் குற்றத்துக்கு என்னைத் திட்டாமல், நீ நிம்மதியாகச் சாப்பிடு.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், என்னைவிட நல்ல கையெழுத்தோடு வளரட்டும்.

உன் தம்பி,
மெத்தோடி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை யொவானாவிடம் காட்டி, குற்றம் கணினியுடையதுதான் என்று கீழே ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். கதையைப் போட்டிக்கு அனுப்புவதற்கு முன் மென்பொருள் ஒரு கட்டம் காட்டி, பழைய பெயரே இருக்கட்டுமா, புதுத் தலைப்பையே வைத்துவிடலாமா என்று எல்லோரையும் கேட்குமாம். என்னையும் கேட்டது அக்கா. நடுவர் பெயர்களையும் அதற்கு முந்தின வாரமே ஒட்டியிருந்தார்கள், நான் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன், முதல் பெயரே டீச்சருடையது. பழைய பெயரே இருக்கட்டும் என்று யோசித்துத்தான் அழுத்தினேன். உன்னோடு பேசிப் பழக வேண்டுமாம், சனிக்கிழமை டீச்சர் உனக்குப் போன் செய்வார். இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.