மெஷினுக்குப் புத்தி சொன்ன கட்டம் அண்ணாச்சி

உலகம் உருண்டை என்று எல்லாரும் சொல்ல, அது கட்டம் கட்டமாக இருக்கிறது என்று கடைசிவரை நம்பிய ஒரே மனிதர் எங்கள் சிவகாசியில்தான் இருந்தார். வீட்டில் வைத்த பெயர் என்னவோ, அவர் வீட்டுக்காரிக்கே சந்தேகம். எங்கள் காலண்டர் கம்பெனியில் அவர் கட்டம் அண்ணாச்சி. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக விரியுமே எக்செல், அதிலேயே குடியிருந்ததால் வந்த பெயர்.

டீயைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது. "பேச்சியக்கா, மூணாம் வரிசை, ரெண்டாம் கட்டம்" என்று என்னிடம் சொல்வார். மேசையில் ஒரு கோடும் இருக்காது. ஆனாலும் தள்ளி வைத்தால் ஆறிப்போனாலும் தொட மாட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாற வந்தவரிடம், "ஏலே, அப்பளத்துக் கட்டத்துல சாம்பார ஊத்திட்டியே, இனி இலை பூராம் தப்பா வரும்லே!" என்று எழுந்தே விட்டார். நல்ல கல்யாணம் அது. பாயசம் இரண்டு வகை.

எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு அங்கே என்ன வேலை? (இதையும் நான் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். அடுப்பில் குழம்பு இருக்கிறதாம், வளர்க்கக் கூடாதாம்.) காலண்டரைக் கட்டுக் கட்டுவேன். எந்தக் கடைக்குப் போன வருஷம் எந்தச் சாமி போனது என்பது எனக்கு அத்துப்படி. ஒரே தெருவில் இரண்டு கடைக்கு ஒரே படம் போகக் கூடாது. போனால் வெடிக்கிற வெடி எந்தப் பட்டாசுக் கம்பெனியிலும் கிடையாது.

அண்ணாச்சி எக்செல்லில் ஒரு டூல் செய்திருந்தார். கடைப் பெயரைப் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் எத்தனை காலண்டர், என்றைக்கு லோடு, எல்லாம் தானாக நிரம்பும். படத்துக்கான கட்டத்தை மட்டும் என்னைக் கேட்டு அவர் நிரப்புவார்.

அவர் ஓய்வு பெற்று ஏழாயிரம்பண்ணையில் மகள் வீட்டுக்குப் போகிற வருஷம், சின்ன முதலாளி அவர் மேசைக்கு வந்தார். "அண்ணாச்சி, இனிமே ஒங்க டூல ஏஐதான் ஓட்டும். அது படிச்சு நடக்குற மாதிரி வெவரமா எழுதி வச்சிருங்க. சீசன் முடியவும் பேச்சியம்மாவ நிப்பாட்டிரலாம்."

நான் டீத் தட்டோடு பக்கத்திலேயே நிற்கிறேன்! பீரோவைப் பழைய இரும்புக்குப் போடுவதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி மறுநாளிலிருந்து எழுத ஆரம்பித்தார். எழுதியதை எனக்குத்தான் வாசித்துக் காட்டுவார். "ஒங்களுக்கு வெளங்குனா அதுக்கும் வெளங்கும்க்கா. ரெண்டு பேரும் என் டூலுக்குப் புதுசுல்லா."

"மொத வரி. பட்டியலைத் திற."

"எந்தப் பட்டியலு? பீரோல கெடக்கே, அதா?"

அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

"சிவப்புக் கட்டத்தைத் தொடாதே."

"தொட்டா?"

"எல்லாம் அழிஞ்சு போகும்."

"அத மொத வரில சொல்லாம, தொட்டதுக்கு அப்புறமாவா சொல்லுவீக?"

எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்.

"வேலை முடிந்ததும் நிறுத்து."

"முடிஞ்சிருச்சுன்னு அதுக்கு யாரு சொல்லுவா?"

அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். நான்கு பக்கம் நாற்பதானது. கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிக்காமல் மடித்துவிட்டார். "இது ஒங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

ஏஐ ஓடுகிற நாள் வந்தது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், கதம்பம். எனக்குக் கூட அவ்வளவு பூ யாரும் வாங்கித் தந்ததில்லை. சின்ன முதலாளி தட்டினார். கடகடவென்று ஓடிய மெஷின் டக்கென்று நின்றது. திரையில் வந்ததை அவர் வாசித்தார்:

"படக் கட்டத்துக்குப் பேச்சியம்மாளைக் கேட்க வேண்டும். அவர் சொல்லும்வரை காத்திருக்கிறேன்."

"என்ன அண்ணாச்சி இது?"

"டூலு அப்படித்தான் ஓடும் மொதலாளி. எந்தக் கடைக்கும் எந்தக் கடைக்கும் ஆகாதுங்கிறதெல்லாம் எக்செல்ல ஏத்த முடியாதுல்லா."

சின்ன முதலாளி அந்தக் கடைசிப் பக்கத்தையே அழித்துவிட்டு, "நீயே பாத்துப் போடு" என்று மெஷினுக்கு உத்தரவு போட்டார். அதுவும் சமர்த்தாகப் போட்டது. எதிரெதிரே இருக்கிற இரண்டு மிட்டாய்க் கடைக்கும் ஒரே லட்சுமி. மாதிரிப் படம் இரண்டு கடைக்கும் போனில் போய்ச் சேர்ந்தது.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "எதுத்த கடைக்காரன் சாமிய எஞ் செவத்துல மாட்டச் சொல்றீகளா? ஆர்டர் வேண்டாம், வைங்க!"

அடுத்த போன் இன்னொரு கடை. அவர் பேசியதை மருமகள் எழுத மாட்டேன் என்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் கடைசிப் பக்கம் திரும்ப ஏறிவிட்டது. இத்தனை வருஷம் நான் வாய் திறந்தால் "சரி சரி, கட்டைக் கட்டுங்க" என்ற சின்ன முதலாளி, மெஷின் கேட்கச் சொன்னதும் எனக்கு நாற்காலி போட்டார். அதுவும் குஷன் நாற்காலி! நிப்பாட்டுகிற பேச்சு அன்றோடு நின்றது.

என் பெயரை எனக்கு எழுதத் தெரியாது. அண்ணாச்சி எழுதி வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மெஷின் தினமும் அதைச் சொல்லிக் காத்திருக்கிறது.

அவர் மேசையில் இப்போது அந்த மெஷின்தான் உட்கார்ந்திருக்கிறது. அது டீ குடிக்காது. ஆனாலும் என் டீயை மூணாம் வரிசை, ரெண்டாம் கட்டத்தில்தான் வைக்கிறேன். வேறு இடத்தில் வைக்கக் கை வரவில்லை.