துருத்தியார் பம்ப் அறைக்கு வெளிச்சம் வழங்கிய படலம்

வாழிய துருத்தியார்! அகன்ற தோளும் அதைவிட அகன்ற வாயும் படைத்த பெருந்தகை, நாளிதழின் நிழற்படப் படைக்கு ஒற்றைத் தளபதியும் ஒற்றைச் சிப்பாயும் தாமே ஆனவர், துருத்தி மூக்கு நீண்ட பெருங்கேமராவை மார்பில் ஏந்திப் படியிறங்கினால் அலுவலகமே அதிரும். ஏனெனில் அதை எங்கேயாவது இடித்துக்கொண்டுதான் இறங்குவார். அத்தகைய மாவீரரைப் பாடாமல் வேறு யாரைப் பாடுவது? வேறு ஆள் அகப்படவில்லை.

அவர் தாங்கிய படைக்கலத்தின் குலப்பெருமை கேளீர்! ஆதியில் முக்காலிமேல் வீற்றிருந்து, கருந்துணி முக்காடிட்டு, கண்ணாடித் தகடுகளை விழுங்கிய மூதாதைப் பெட்டி. அதன் வழித்தோன்றலாய் முக்காலியை உதறி மனிதர் கைக்கு ஏறி, வெளிச்சத்துக்கு மருந்துப் பொடி கொளுத்தி, எடுப்பவர் புருவத்தையே காவு வாங்கிய வன்கண் பெட்டி. அதற்கும் மகவாய், கண்ணாடியை விட்டுப் பிலிம் தாளுக்கு மாறி, தூரம் அளக்கும் கண்ணும், குறிபார்க்கும் கம்பிச் சட்டமும், ஒரே முறை எரிந்து உயிர்விடும் பல்பும் தரித்து அவதரித்த இந்தப் பெட்டி. தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே வந்த குலம் இது. அந்த ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று காலை ஆசிரியர் விடுத்த ஆணை இது: "இன்னைக்கு உங்க படம் முதல் பக்கத்துல வரலைன்னா, அந்தப் பெட்டியைக் கட்டி வெச்சுட்டு பீரோவுல இருக்கற சின்னக் கேமராவை எடுத்துக்கங்க. சொல்லிட்டேன்." உள்ளங்கையில் அடங்கும் அந்த அற்பத்தைத் தொடுவதா! துருத்தியார் பெருங்கேமராவை மார்போடு இறுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

போர்க்களமோ, நகராட்சித் தலைவர் திறந்துவைக்கவிருந்த புதிய தண்ணீர் பம்ப் அறை. மின்சாரம் வருமுன்பே திறப்பு விழா வந்துவிட்டதால் உள்ளே கும்மிருட்டு. உள்ளேயே கட்டியிருந்த ரிப்பனுக்கு நேரெதிரே, மாவீரர் நிற்கவேண்டிய மண்ணில், எதிர்ப் பத்திரிகையின் படக்காரி, பல்புகூட இல்லாத சின்னக் கேமராவோடு நின்றாள். கொதித்தெழுந்த கோமான், முழங்கையை முன்படையாகவும் தொந்தியைப் பெரும்படையாகவும் செலுத்தி, அவளைப் பம்ப் ஓரத்து மூலைக்கு ஒதுக்கி முழங்கினார்: "தீப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டியாம்மா? இந்த இருட்டுல உன்னால ஒண்ணும் கிழிக்க முடியாது!"

"சரிண்ணே, நீங்களே எடுங்க. எப்ப அடிக்கப்போறீங்கன்னு மட்டும் சத்தமா சொல்லிடுங்க," என்று அவள் தன் கேமராவைப் பம்பின்மேல் வைத்தாள்.

பயந்துவிட்டாள் என்று பூரித்துப்போனார் நம் அறிவுக்கடல்.

பெருங்கேமராவின் முதுகில் செருகும் பிலிம் சட்டத்தில் முன்பக்கம் ஒரு தாள், பின்பக்கம் ஒரு தாள். இரண்டுக்கும் வெளிச்சம் படாமல் காக்கத் தனித்தனி மறைதகடு. லென்ஸைப் பார்த்திருக்கும் தகட்டை உருவினால்தான் படம் விழும். உருவினார் துருத்தியார்! உறையைவிட்டு வாள் கிளம்புவதுபோல் தகட்டை உருவி, தலைக்குமேல் உயர்த்தி, பகைவர் செவி கிழிய எண்ணினார்: "ஒன்று! இரண்டு!" இரண்டில், மூலையில் இருந்தவள் சத்தமில்லாமல் தன் கேமராவின் கண்ணைத் திறந்துவைத்தாள். "மூன்று!" பல்பு வெடித்து மின்னல் பாய, ரிப்பன் அறுபட, தலைவர் பல் தெரியச் சிரிக்க, பம்ப் அறை பகலாயிற்று. அவளும் தன் கேமராவை மூடிக்கொண்டு கிளம்பினாள்.

ஐயகோ! அவர் வாளென ஓங்கியது பின்பக்கத்துத் தகடு. கழுவிப் பார்த்தபோது முன்தாளில் ஒரு கீறல்கூட விழவில்லை, பின்தாள் கண்ட வெளிச்சமெல்லாம் பட்டுக் கரிக்கட்டையாய்க் கறுத்துக் கிடந்தது, அந்த வள்ளல் வாரி வழங்கிய வெளிச்சம் மொத்தமும் எதிரியின் தீப்பெட்டிக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அட அசட்டுப் பெருமாளே, எதிராளிக்கு விளக்குப் பிடித்ததுமில்லாமல், எண்ணி வேறு கொடுத்தீரே! விடிந்ததும் எதிர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் தலைவரின் மீசைமுடியைக்கூட எண்ணலாம். படத்தின் ஓரத்தில், தகட்டை ஓங்கி, வாயைப் பிளந்தபடி துருத்தியார்.

அவர் பீரோவிலிருந்து சின்னக் கேமராவை எடுத்து, பிலிமை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார்.