கலியாணக் கரண்டியும் கப்பல் பெயிண்டும்

கல்முனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் கலியாண வீடுகளில் காணாமற்போன பிளாஸ்டிக் கரண்டிகள் அத்தனைக்கும் ஒரே மனிதர்தான் பொறுப்பு. மீட்டர் வாசிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டு மின்சாரப் பில்லில் மட்டுமே இருந்தது. அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் எங்களுக்கு அவர் கரண்டிக் காக்கா.

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்னக் கப்பலும் விமானமும் செய்து பெயிண்ட் பூசுகிற ஆட்கள் ஊரில் இரண்டே பேர்: அவரும் நானும். எனாமல் பெயிண்டை, அதை இளக்கும் தின்னர் கலக்காமல் பூசினால் களிபோல் தடிக்கும். அதற்கென்றே விற்கும் தின்னர் பெருவிரல் உயரப் போத்தலில் வரும். அந்த விலைக்கு ஒரு கிலோ மாட்டிறைச்சி வாங்கலாம். ஆகவே மலிவுத் தின்னர் தேடுவது காக்காவின் ஓய்வுகால உத்தியோகம். சில தின்னர் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும் என்பதால், தேடிப் பிடித்ததை முதலில் அதே மாதிரிப் பிளாஸ்டிக்கில் பூசிப் பார்க்க வேண்டும். கலியாணச் சாப்பாட்டின் கடைசியில் வரும் இனிப்பான வட்டிலப்பத்தோடு தரும் மெல்லிய கரண்டிதான் அதற்குத் தோது என்பது அவர் கண்டுபிடிப்பு.

சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றியிருந்து ஆறு பேரும் சாப்பிட்டு முடித்து, வட்டிலப்பம் வந்ததும் காக்காவின் குரல் கேட்கும்.

"தம்பிமாரே, கரண்டிய எறிஞ்சி போடாதீங்க. நல்லா நக்கிப்போட்டு இஞ்சால தாங்க."

"என்னத்துக்கு காக்கா?"

"சோதினைக்கு."

ஒவ்வொரு கரண்டியிலும் எந்தக் கலியாணம், எந்தத் தின்னர் என்று எழுதி முன் அறை அலுமாரியில் அடுக்கியிருந்தார். ஒருநாள் அங்கு வந்த ஒருவர், தன் மகளின் கலியாணக் கரண்டி உருகிச் சுருண்டு கிடப்பதைக் கண்டுவிட்டார்.

"என்ன காக்கா இது? எங்கட புள்ளட கலியாணம் மட்டும் ஏன் இப்பிடிக் கோணிக் கிடக்கு?"

"மாப்பிள்ளையில பிழையில்ல," என்றார் காக்கா. "தின்னர்லதான் பிழை."

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த எனக்கும் ஒரு வாரம் வந்தது. என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர், மச்சான், இருபது வருடம் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். அதே மாதிரிச் சின்னக் கப்பலை ஒட்டிச் செய்யும் துண்டுகள் அடங்கிய பெட்டியொன்றை ஏதோ துறைமுகத்தில் வாங்கி, ஓய்வு காலத்தில் ஒட்டலாம் என்று வைத்திருந்தார். ஓய்வு வந்தபோது கை நடுக்கமும் கூடவே வந்தது. பெட்டியை என்னிடம் தந்துவிட்டுக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஞாயிறன்று வீடு திரும்புகிறார். அந்தப் பெட்டி இப்போது எங்கும் கிடைப்பதில்லை; கெட்டால் கெட்டதுதான்.

வியாழன் காலை ஒட்டு வேலை முடிந்திருந்தது. கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கராஜில் வாங்கிய மலிவுத் தின்னரைப் பெயிண்டில் விட்டேன். பாலில் சீனிபோல் கரைந்தது. பிரஷை எடுத்த நேரம் காக்கா உள்ளே வந்து, போத்தலை மணந்து, மூக்கைச் சுருக்கினார்.

"கரண்டில பாத்தியா?"

"பெயிண்டோட நல்லாச் சேருது காக்கா."

"பெயிண்டோட சேரும். கப்பலோட சேருமா? துண்டுகள் ஒட்டி வந்த பிளாஸ்டிக் சட்டம் எங்க? அதில பாப்பம்."

துண்டுகளை வெட்டியெடுத்ததும் அந்தச் சட்டங்களை நான் அன்றன்றே குப்பையில் போட்டிருந்தேன். எனக்கு மேசை துப்புரவாக இருக்க வேண்டும்.

"உன்ட ஒழுங்கில மண் விழ!" என்றார். அவரிடமும் கரண்டி தீர்ந்திருந்தது. பெருநாள் கழிந்து சில நாள்தான்; நோன்பு மாதம் முழுவதும் ஊரில் கலியாணமே இல்லை.

"கடையில ஒண்டு வாங்குவமே?"

"கடையில இருக்கிறது தடிச்ச சாமான், வேற பிளாஸ்டிக். ஒலுவில்ல இண்டைக்கு ஒரு கலியாணமாம், போய் வாறன். அதுவரைக்கும் இது என்னோட."

என் மூன்று பிரஷ்களையும் சேட் பையில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்தும் ஆளைக் காணவில்லை. பஞ்சில் தோய்த்துப் பூசினால் என்ன என்றுகூட எனக்குத் தோன்றியது. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது வந்திறங்கினார். கையில் மூன்று கரண்டி, வாயில் வெற்றிலை.

"யார்ர கலியாணம் காக்கா?"

"தெரியா. மாப்பிள்ளட வாப்பா என்னக் கட்டிப்புடிச்சி, இவ்வளவு தூரம் வந்ததுக்குச் சந்தோசம் எண்டார். நானும் ஓமெண்டன்."

ஒரு கரண்டியில் கராஜ் தின்னர் கலந்த பெயிண்ட், அடுத்ததில் மண்ணெண்ணெய் கலந்தது, மூன்றாவதில் ஹாட்வெயார் கடை டர்பன்டைன் கலந்தது. சிறிது நேரத்தில் முதல் கரண்டியின் முகம் சுருங்கியது. பிறகு கழுத்து வளைந்தது. என் கண்ணுக்கு அது கரண்டியாகத் தெரியவில்லை. மச்சானின் கப்பல் குனிவதாகத் தெரிந்தது. மேசையிலிருந்த கப்பலைத் தூக்கி அப்பால் வைத்தேன்.

"இரு, இரு. உன்ட கப்பல் இன்னும் கரையிலதான் நிக்குது," என்றார் காக்கா.

மறுநாள் காலையிலும் மண்ணெண்ணெய்க் கரண்டி பிசுபிசுத்தது. டர்பன்டைன் கரண்டி மட்டும் காய்ந்து மினுங்கியது. அதற்குப் பிறகுதான் பிரஷ்கள் என் கைக்கு வந்தன.

ஞாயிறன்று மச்சான் சாய்மானக் கதிரையில் இருந்து கப்பலை மடியில் வாங்கினார். நடுங்கும் விரல் கப்பலின் பக்கம் முழுவதும் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"இதுக்குள்ளதான்டா என்ட கபின்."

ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் நின்ற காக்கா மட்டும், "விரல்ல பெயிண்ட் ஒட்டுதா மச்சான்?" என்று கேட்டார்.

"இல்ல காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். நான் அந்தக் கிழமையில் அப்போதுதான் சரியாக மூச்சு விட்டேன்.

இப்போது காக்கா வரிப்பத்தான்சேனையில் மகள் வீட்டில் இருக்கிறார். தின்னர் பற்றி அவரிடம் கேட்க எனக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. இருந்தும் மாதம் ஒரு முறை புதிதாக ஒரு சந்தேகத்தைத் தயாரித்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.