வெள்ளிக்கிழமைச் சட்டங்கள்

நிலப்படம் வரைகிறவர்கள் தவறாமல் மறந்துவிடும் நாடு ஒன்று உண்டு. அதன் பெயர் இருகரை நாடு. நடுவில் ஆறு, ஆற்றின்மேல் ஒரே ஒரு பாலம். வடகரையை அமைச்சர் கோடைமாறனிடமும், தென்கரையை அமைச்சர் செம்மலரிடமும் ஒப்படைத்துவிட்டு அரசர் நிம்மதியாகத் தூங்கினார்.

வடகரையில் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வரும். தேர்தலுக்குச் சற்று முன்னால், சட்டத் திருநாளன்று, கனத்த தொகுதிகளாக யானைமேல் ஏறி ஊர்வலம் வரும். இடையில் சாக்கடை உடைந்தால், அடுத்த திருநாள்வரை மக்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

தென்கரையிலோ வெள்ளிக்கிழமைதோறும் சந்தைக் கதவில் ஒரே ஒரு சட்டம் ஒட்டப்படும். நான்கு வரிக்கு மேல் போகாது. சரிப்படவில்லை என்றால் அடுத்த வெள்ளி, ‘போன வாரச் சட்டம் தவறு, எடுத்துவிட்டோம்’ என்று இன்னொரு சீட்டு வரும்.

கோடைமாறன் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தார். ஆனால் தம் கரை மக்கள் காய்கறி வாங்கக்கூடப் பாலம் தாண்டிப் போவதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, தலைப்பாகையை மாற்றிக் கட்டிக்கொண்டு அவரும் போனார்.

சந்தையில் பவளக்கொடி என்ற மீன்காரி, அமைச்சரையே வழிமறித்து நின்றுகொண்டிருந்தாள்.

“ஏம்மா செம்மலரு, உன் சட்டத்துல இடி விழ! கடையெல்லாம் கெழக்க பாத்து வைக்கச் சொன்னியே, காலை வெயிலு நேரா மீன் மேல அடிக்குது. மத்தியானத்துக்குள்ள நாறிப்போவுது.”

“வெயில யோசிக்கவே இல்லக்கா. எந்தப் பக்கம் திருப்பினா தோதா இருக்கும்?”

“வடக்க பாத்துத் திருப்பு.”

செம்மலர் அங்கேயே நின்று சீட்டை எழுதி ஒட்டினாள். பவளக்கொடியின் குரல் தணிந்தது. “மவராசி, நீ சாப்டியா?” என்று கேட்டபடி இரண்டு மீனை இலையில் சுற்றி அவள் கையில் திணித்தாள்.

கோடைமாறனுக்கு வயிறு எரிந்தது. அவளைப் புகழ்ந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். புகழ்ச்சி அவருக்கும் வண்டி வண்டியாகக் கிடைத்தது. ஆனால் பதவிக்கு வந்த நாள்முதல் அவரை யாரும் திட்டியதில்லை. திட்டிய வாயால் சாப்பிட்டாயா என்று கேட்டதும் இல்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே அரசர்முன் போய் நின்றார். “மன்னா, வாரந்தோறும் மாறுவது சட்டமா, சமையலா? ‘தவறு’ என்று அரசே கதவில் எழுதி ஒட்டுகிறது. இதைவிட அவமானம் உண்டா?”

“உண்டா?” என்றார் அரசர், கொட்டாவிக்கு நடுவில்.

“இல்லை, மன்னா.”

“அப்படியானால் நிறுத்திவிடு.”

வெள்ளிக்கிழமைச் சீட்டுகள் தடை செய்யப்பட்டன. இனி இரு கரைக்கும் திருநாளில் மட்டுமே சட்டம். ஒட்டிய சட்டங்களை நீக்குவதும் மாற்றமே என்பதால் அதுவும் கூடாது. ஒரு வாரச் சோதனைக்காகப் பாலத்தின் அகலத்தில் ஒரு பாதியை மூடிவைத்த சட்டம் அப்போது கதவில் இருந்தது. அந்தப் பாதி மூடியே கிடந்தது. மனு கொண்டுவந்தவர்களிடம், மனுக்களும் திருநாளில்தான் பெறப்படும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திருநாளும் வந்தது. தொகுதிகளின் பாரம் தாங்காமல் யானை முட்டி போட்டுவிட்டது. அதுவும் மரியாதை என்று அறிவிக்கப்பட்டது.

மறுநாள் தென்கரைச் சந்தையில் ஒரு பலகாரக் கடையில் தீப்பிடித்தது. வடகரையிலிருந்து தண்ணீர் வண்டிகள் பறந்து வந்தன. பாலத்தடியில் நின்றுவிட்டன. தண்ணீர் வண்டி முத்திரை பெற்றே பாலம் ஏற வேண்டும் என்றது ஒரு சட்டம். முத்திரை அலுவலர் பாலத்தின் மறுமுனையில்தான் அமர வேண்டும் என்றது இன்னொன்று.

ஓடிவந்த கோடைமாறன், “எந்தச் சட்டம் தடுக்குது? அதத் தூக்கிப் போடுங்கய்யா!” என்று கத்தினார்.

சட்டத் தொகுப்பாளர் வாகையார் பணிவாக முன்வந்தார். “அனைத்தும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன, ஐயா. ஒன்றை உருவினால் எத்தனை கழலும் என்பது யாருக்கும் தெரியாது. கண்டறிய ஒரு குழு அமைக்கலாம்.”

குழுவுக்குத் தலைவரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மீன் கடைகள் சாம்பலாயின. கூடையை இழுக்கப்போன பவளக்கொடியின் கை வெந்தது.

முகமெல்லாம் கரியாகச் செம்மலர் பாலம் தாண்டி வந்தாள். “எல்லாத்தையும் எடுத்துடுங்கண்ணே. வாரத்துக்கு ஒண்ணா திரும்பப் போடுவோம். எது இடிக்குதோ அன்னிக்கே தெரிஞ்சிரும். அத மட்டும் எடுத்துக்கலாம்.”

அவள் சொன்னது சரி என்று கோடைமாறனுக்குத் தெரிந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

சாம்பல் ஆறுவதற்குள் எரிந்த சந்தையிலேயே மேடை போட்டார்கள். “இனிச் சிறு திருத்தங்களே நம் பாதை! நானே சிந்தித்து வகுத்த இதற்கு ‘மாபெரும் சிறு திருத்தத் திட்டம்’ என்று பெயர்!” என்று கோடைமாறன் முழங்கினார். கூட்டம் கைதட்டியது. வாகையார் விதியைப் படித்தார்: “சிறு திருத்தங்கள் யாவும் முறையாகச் சேகரிக்கப்பட்டு, அடுத்த சட்டத் திருநாளில் ஒருசேர வெளியிடப்படும்.” கைதட்டல் நிற்கவில்லை. தட்டவேண்டிய நேரமும் புதிய தொகுதியில் குறிக்கப்பட்டிருந்தது.

கோடைமாறனின் கண் செம்மலரைத் தேடியது. அவள் கைதட்டவில்லை. கரிந்த பலகை ஒன்றின்மேல் உட்கார்ந்து, பவளக்கொடியின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்படியா இறுக்குவ, பாவி! உசிரு போவுது.”

செம்மலர் முடிச்சைச் சற்றுத் தளர்த்தினாள். “இப்ப?”

“இன்னுங்கொஞ்சம்.”

மறுபடி தளர்த்தினாள்.

“ம். இது போதும்.”

மேடையில் கோடைமாறனுக்கு அடுத்த சொல் மறந்துபோயிற்று.