டபுள் கிளட்ச் பாயும் ததும்பும் டீயும்

வேன் ஓட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் வேன் ஓடுவதே உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான்: பேராவூரணி டபுள் கிளட்ச் பாய்.

துபாயில் ஒரு அரபி வீட்டு டிரைவராக இருந்தவர். காய்கறி வாங்கும் வண்டிதான் அவர் கையில். ஒரே ஒரு நாள் முதலாளியின் ஸ்போர்ட்ஸ் காரை ஒர்க்‌ஷாப்பில் விடச் சொன்னார்கள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார்:

"ரெண்டு கிளட்ச் சார் அதுக்கு! பந்தியில ஒருத்தர் சோறு போடறப்பவே இன்னொருத்தர் சாம்பார் வாளியோட தயாரா நிப்பாருல்ல? அது மாதிரி ரெண்டாவது கியர் ஓடறப்பவே மூணாவது தயாரா நிக்கும், மாறறப்ப குலுங்கவே குலுங்காது. இவரு நகர, அவரு ஊத்த... இலை காயவே காயாது!"

ஊர் திரும்பி அவர் வாங்கியது பழைய ஆம்னி வேன். அதற்கு ஒரே கிளட்ச், அதுவும் அரை உயிரில். இருந்தாலும் குலுங்காமல் ஓட்டியே தீருவேன் என்று இறங்கிவிட்டார். டாஷ்போர்டில் ததும்பத் ததும்ப ஒரு டம்ளர் டீ இருக்கும். கியர் மாற்றும்போது ஒரு சொட்டு சிந்தினால் போச்சு. "மன்னிச்சுக்கங்க" என்று வண்டியைத் திருப்பி, கிளம்பிய இடத்துக்கே போய் மறுபடி ஆரம்பிப்பார். ஒரு கல்யாண மாப்பிள்ளையை மூன்று தடவை திருப்பிக் கொண்டுவந்தார். நாலாவது தடவை மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நான் அப்போது அங்கே பள்ளி ஆசிரியர். என் மனைவிக்கு வலி எடுத்த காலையில், குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். முகூர்த்த நாள். ஊரில் மிச்சமிருந்த ஒரே வண்டி பாயுடையது.

பட்டுக்கோட்டை தாண்டியும் டீ அசையவில்லை. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஓர் எருமை சாவகாசமாகக் குறுக்கே வந்தது. பிரேக், கியர், கடக்! பாதி டீ பாயின் மடியில்.

நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "பாய்! திருப்பிடாதீங்க பாய்!"

அவர் டம்ளரைப் பார்த்தார். கண்ணாடியில் என் மனைவியைப் பார்த்தார். மிச்ச டீயை ஜன்னல் வழியே வீசிக் கொட்டினார்.

"பல்லக் கடிச்சுக்கம்மா. அல்லா இருக்கான். இன்னிக்குக் குலுங்குனா குலுங்கட்டும்!"

அப்புறம் அந்த ஆம்னி பறந்த பறப்பை அரபியின் கார் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

ஆபரேஷன் முடிந்து, தாயும் சேயும் நலம் என்றார்கள். பாயிடம் சொல்ல வெளியே ஓடினேன். வேனைக் காணோம். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பொழுது சாயும்போது வேன் மெதுவாக வந்து நின்றது. டாஷ்போர்டில் நிறைந்த டம்ளர், மேலே ஏடு படிந்த டீ.

"பேராவூரணி போய் மறுபடி வந்தேன் சார். ஒரு சொட்டு சிந்தல. நம்ம புள்ள வந்த வழியில குறை இருக்கக் கூடாதுல்ல? என்ன புள்ள சார்?"

"பொண்ணு பாய்."

ஆறிப்போன அந்த டீயை நான்தான் வாங்கிக் குடித்தேன். அதைவிட நல்ல டீயை இன்றுவரை நான் குடித்ததில்லை.